ஆனி பிறக்கும்வரை அலாரம் இல்லை

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவன் என்றால் தென்காசியில் அது யஹ்யாதான். சின்ன இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் வேலை. இலத்தூரிலிருந்து குற்றாலம் வரை எந்த ரூட்டர் உயிரை விட்டாலும் அவன் போன்தான் அலறும். கல்யாண வீட்டுப் பிரியாணியோ, மனைவி ஹஸீபாவுக்குக் காய்ச்சலோ, அலாரம் வந்துவிட்டால் ஆள் அங்கே இல்லை.

போன மாதம் அவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஒரு நாளாவது போன் இல்லாம என்கூட இருங்க மச்சான். முடியாதுன்னா சொல்லிருங்க, நான் புளியங்குடிக்கு வாப்பா வீட்டுக்குப் போயிருதேன்."

அலாரத்தில் முக்கால்வாசி குற்றாலத்து லாட்ஜ்களால் வருவது. சீசன் இல்லாத நாளில் முதலாளிகள் மெயினை அணைத்துப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கண்காணிக்கிற மென்பொருளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? ஐந்து நிமிடத்துக்கொரு தடவை ரூட்டர்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்று ஒப்பாரி வைக்கும். யஹ்யா உட்கார்ந்து அதற்கு நேர அட்டவணை போட்டான். சீசன் தொடங்கும் ஆனி பிறக்கும்வரை குற்றாலத்து ரூட்டர்களைக் கூப்பிடவே வேண்டாம்.

வீடு அமைதியானது. அவன்தான் அமைதியாகவில்லை. சத்தம் வராத போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். சிக்னல் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று அதையே நோண்டிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் வைகாசியிலேயே சாரல் விழுந்தது. போனை பீரோவில் பூட்டி, சாவியை ஹஸீபாவிடம் கொடுத்து, அவளை ஐந்தருவிக்கு அழைத்துப் போனான். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றபடி நடந்தார்கள். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அவன் பார்வை ஒரு லாட்ஜ் மாடியில் போய் நின்றது. கம்பி முழுக்க ஈரத் துண்டுகள். வாசலில் 'ரூம் இல்லை' பலகை. சாரல் விழுந்துவிட்டதென்று பெண்டாட்டியைக் குளிக்கக் கூட்டிவந்த புத்திசாலிக்கு, தன் அட்டவணைக்கு அது தெரியாதே என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, உன் போனைக் கொஞ்சம் தா."

கொடுத்தாள். ரோட்டோரத்தில் நின்றபடியே கம்பெனி மென்பொருளுக்குள் நுழைந்து அட்டவணையின் தேதியை மாற்றினான். கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது. ஒவ்வொரு லாட்ஜாக அலறத் தொடங்கியது. பாதி ரூட்டர்கள் செத்துக் கிடந்தன. அன்று முதல் தடவையாக அவன் முகம் தெளிந்தது.

"பாத்தியா, வருது!" என்று சிரித்தேவிட்டான்.

ஹஸீபா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எப்படியும் சமாளித்திருப்பான்.

"காலையிலேருந்து நான் பேசிக்கிட்டேதான் வருதேன் மச்சான். இந்தச் சிரிப்பை இப்பத்தான் பாக்குதேன்" என்றாள். "போனை நீங்களே வச்சுக்கோங்க."

தென்காசி பஸ் வந்து நின்றது. புளியங்குடிக்கு அங்கே மாறிக்கொள்ளலாம். அவள் ஏறிவிட்டாள். அவன் கையில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்க, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நடுரோட்டில் நின்றான்.