எனக்கும் அதே வலிதான்

என் கணவருக்கு மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. போன வருஷம் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தவர், நெஞ்சை அமுக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டார். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு, நடந்தால் வலித்து நின்றால் விடுவது அதனால்தான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

அதன்பிறகு எங்கள் குவார்ட்டர்ஸில் ஆள் ஓயவில்லை. பிளாக்கில் இருப்பவர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், திருநெல்வேலியிலிருந்து அவருடைய அக்கா. ஆப்பிளும் மாதுளையும் குவிந்தன. எல்லோரும் கட்டிலருகே உட்கார்ந்து மெல்லிய குரலில் அவரிடம் பேசினார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

ஏனென்றால், துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறும்போது எனக்கும் தாடையில் ஓர் இறுக்கம் வரும், மூச்சு வாங்கும். படியில் உட்கார்ந்தால் போய்விடும். அவரிடம் சொன்னபோது சிரித்தார். "எனக்கு வந்தா உனக்கும் வரணுமா? அது கேஸ் ட்ரபிள்" என்றார். நெஞ்சு வலிக்காததால் நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

அவருடைய செக்கப்புக்குத் துணையாகப் போனேன். டாக்டரம்மா அவரிடம், "மாடி ஏறினா இறுக்கமா இருக்கா? உட்கார்ந்தா விட்டுடுதா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

நான், "ஆமாங்க" என்றேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்காம்மா? எங்க வருது?"

தாடையைத் தொட்டுக் காட்டினேன். நெஞ்சு வலிக்காமல் இப்படியும் வரும், பெண்களுக்கு அதிகம் என்றார். படுக்க வைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. டிரெட்மில்லில் நடந்தபோதுதான் எனக்கும் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று தெரிந்தது. ஆஞ்சியோ பார்த்துவிட்டு, மாத்திரையே போதும் என்றார்கள். இறுக்கம் வந்தால் உட்கார்ந்து நாக்கடியில் வைக்க ஒரு மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

அவருக்கு ஸ்டென்ட், எனக்கு வெறும் மாத்திரையா என்று அதிலும் மனசு புழுங்கியது. என்னைப் பார்க்க வந்தவர் கீழ்வீட்டுக் குறிஞ்சிப்பாடி அம்மா ஒருவர்தான். "இத்தினி நாளா வலிய வச்சிக்கினு வேல செஞ்சிக்கினு இருந்தியாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடவே எனக்கு மனசில்லை.

மாத்திரை ஆரம்பித்தபின் இறுக்கம் எப்போதாவதுதான் வருகிறது. ஒரு சாயங்காலம் அவர் மெதுவாகக் கேட்டார், "அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க அழுத்திச் சொன்னீங்களா? சும்மா நின்னீங்க. எல்லாரும் ஓடி வந்தாங்க" என்றேன்.