சித்தப்பாவின் வான் அச்சு

நாங்கள் குடியேறிய ஒடாஹுஹுவில் என் மகள் தானே மாற்றிக் கட்டும் பழைய ஹொட் ரொட் காருக்கு ஒரு வான் வண்டியின் பின் அச்சைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கியபோது கியர் ஒயில் கொட்டியது. அந்தக் கந்தக நாற்றம் என்னை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துப்போனது.

அப்பாவின் வாடகைக் காரில் பின் அச்சு உடைந்து, உழைப்பு நின்றிருந்த காலம் அது. போரில் பாதை பூட்டியிருந்ததால் உதிரிப்பாகம் எதுவும் வராது. செல் குண்டு விழுந்து சித்தப்பா செத்து மூன்று மாதம். அவருடைய வான் முற்றத்தில் சும்மா நின்றது. அப்பா வாய் திறந்து கேட்கவில்லை. சித்திதான் வந்து சொன்னார்.

"கழட்டுங்கோ அத்தான். பிள்ளையள் பட்டினி கிடக்கேலாது."

அப்பா இரண்டு நாள் வெட்டி ஒட்டி வானின் அச்சைக் காரில் பொருத்தினார். சித்தி பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கை போக, பிள்ளை?" என்று கேட்டார் அப்பா.

"ஒரு இடமும் வேண்டாம். கொஞ்சம் ஓடுங்கோ."

அச்சு இரைந்தது. சித்தப்பா வீடு திரும்பும்போது கேட்கிற அதே இரைச்சல். சித்தி கண்ணை மூடிக்கொண்டார். பெற்றோலுக்குப் பதிலாகக் கிடைத்த மண்ணெண்ணெய் தீருமட்டும் அப்பா வீட்டைச் சுற்றியிருந்த குறுகிய ஒழுங்கைகளில் சுற்றிச் சுற்றி ஓடினார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆர் யூ ஓகே, அம்மா?" என்றாள் மகள்.

"ஓம்."

சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குச் சித்தப்பாவின் பெயர்கூடத் தெரியாது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.