பங்காக்காரரின் தோள்பட்டை

சுவரில் ஒரு துளை இருந்தது. மூடிய கை நுழையும் அளவுக்குப் பெரியது. அதன் வழியாகத்தான் கயிறு வெளியே போகும். கச்சேரி என்று அப்போது சொல்லப்பட்ட எங்கள் சர்க்கார் அலுவலகத்தின் நடுக்கூடத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பங்கா தொங்கியது. மரச்சட்டத்தில் மடிப்புத் துணி தைத்த நீளமான விசிறி. வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர் காலை முதல் மாலை வரை கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார், உள்ளே இருக்கிற எங்களுக்குக் காற்று வரும். நகல் எழுத்தனாக நான் சேர்ந்தபோது அந்தத் துளையின் பக்கத்தில்தான் எனக்கு மேசை போட்டார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த மொச்சைக்காய் வெயிலில் வெடிப்பதுபோல. கயிறு ஓடும் கப்பி வறண்டுவிட்டது என்று நினைத்துச் சேவகரிடம் சொல்லி எண்ணெய் விடச் சொன்னேன். விட்டார். சத்தம் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் விட்டார். அப்புறம் நானே தாழ்வாரத்துக்குப் போய்க் கப்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கப்பி இல்லைங்கய்யா. நாந்தேன்," என்றார் பங்காக்காரர்.

துண்டை எடுத்துவிட்டு வலது தோளைக் காட்டினார். கை முன்னே போகும்போது பட்டை எலும்பு தோலுக்குள் மேலேறி வந்தது. இழுத்ததும் எதன்மீதோ தடுக்கிச் சரிந்து இறங்கியது. இறங்கும்போது அந்தச் சத்தம். கழுத்தைத் திருப்பினால் அங்கேயும் சடசடவென்று நாலைந்து தரம் கேட்டது. அவர் மயிலாடும்பாறைப் பக்கத்துக்காரர். மழை பொய்த்து நிலம் கைவிட்டுப்போனபின் இந்த ஊருக்கு வந்து, ஒன்பது வருடமாக இதே கயிற்றை இழுக்கிறார். "சோறு திங்கக் குனிஞ்சாக் கூட கேக்குதுன்னு வீட்டுல சொல்லுவா. மொதல்ல வலி இருந்துச்சு, சத்தம் இல்ல. இப்ப ரெண்டும் இருக்கு," என்றார். இழுப்பதை நிறுத்தாமலே சொன்னார். நிறுத்தினால் உள்ளேயிருந்து சேவகர் குரல் கொடுப்பார்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய ஊர் அது. பெயர் எழுதப் போவதில்லை. எங்கள் அதிகாரியின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரமூட்டுகிறது. குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். கோடையில் தம் வீட்டிலிருந்து பானை மோர் கொடுத்தனுப்புவார். அந்த மோர் எங்கள் மேசைகளுக்கு வந்தது, தாழ்வாரத்துக்குப் போனதில்லை. சங்கீதத்தில் அவருக்குப் பிரியம் அதிகம். காகிதம் படிக்கும்போது விரல்கள் மேசைமேல் தாளம் போடும். பங்காக்காரரின் 'டொக்' அந்தத் தாளத்தோடு சேரவில்லை. விரல்கள் பாதியில் நிற்கும், முகம் சுளிக்கும், மறுபடி தொடங்கும்.

இரண்டாம் வருடம் எனக்கும் கழுத்துப் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கக் குனிந்து ஒரே பத்திரத்தை மூன்று படி எழுதுகிற வேலை. ஒருநாள் காலை அதிகாரி வந்தபோது எழுந்து திரும்பினேன், கழுத்து நொறுக்கென்று சொடுக்கியது. அவருக்கே கேட்டுவிட்டது.

"கழுத்தா அது?" என்று பதறிப்போனார். "எழுத்து வேலை மாதிரி உடம்பைக் கெடுப்பது எதுவுமே இல்லையப்பா. இளம் வயது, அலட்சியம் பண்ணாதீர்." அன்றைக்கே என்னை மருத்துவரிடம் அனுப்பினார். ஒரு மாத விடுப்பில் தாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் சொந்த ஊரான தேவதானப்பட்டிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா தினமும் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். கழுத்து தேறியது, கொஞ்சம் சதையும் போட்டுத் திரும்பி வந்தேன். நான் இல்லாத அந்த மாதம் முழுவதும் என் காலி நாற்காலிக்கும் சேர்த்துப் பங்காக்காரர் இழுத்திருக்கிறார்.

நான் வந்த சில நாட்களில் அதிகாரி அனுமந்தன்பட்டியிலிருந்து ஓர் எலும்பு வைத்தியரை வரவழைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல மனிதர், பங்காக்காரரையும் கவனிக்கிறார் என்று நினைத்தேன். வைத்தியர் தோளைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார், கழுத்தெலும்பு ஒவ்வொன்றாக விரல் வைத்து இறங்கினார். பிறகு கூடத்து வாசலில் வந்து நின்று சொன்னார்:

"ஆறு மாசம் கயித்தத் தொடக் கூடாதுங்கய்யா. தொட்டா அப்புறம் அந்தக் கை மேல தூக்க வராது."

"நான் அதைக் கேட்கவில்லை," என்றார் அதிகாரி. "சத்தத்தை நிறுத்த முடியுமா?"

வைத்தியர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சத்தத்துக்கு எனக்கு வைத்தியம் தெரியாதுங்க. வலிக்குத்தேன் தெரியும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு ஒரு மாதம் கொடுத்தீர்களே, அவருக்கும் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. கூடத்தில் என்னைவிட அதைச் சொல்லத் தகுதியானவன் எவனும் இல்லை. நான் பேனாவை மையில் தொட்டுக்கொண்டேன்.

அதன்பின் பங்காக்காரர் தாமே என்னென்னவோ செய்து பார்த்தார். இடது கையால் இழுத்தார். பங்கா சோம்பியது, உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. மல்லாந்து படுத்துக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்தார். வருகிறவர்கள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதற்கும் தடை. கடைசியில் அவர் மனைவி தினமும் காலையில் வந்து, நனைத்த சாக்குத் துணியைத் தோளோடு கக்கத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுப் போவாள். வலிக்குக் கட்டியதல்ல அது. சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கட்டியது. 'டொக்' மங்கி 'டப்' ஆனது. அதிகாரியின் விரல்கள் கொஞ்ச நாள் தடையின்றித் தாளம் போட்டன.

சித்திரை வெயிலில் ஒரு பெரிய அதிகாரி தணிக்கைக்கு வந்தார். கூடத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அவர் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேகமாக இழுக்கும்படி உத்தரவு. அந்த வேகத்தில் சாக்குக் கட்டு நழுவியிருக்க வேண்டும். டொக். டொக். டொக். பெரியவர் தலை நிமிர்ந்து, "என்ன அது?" என்றார்.

எங்கள் அதிகாரி, "பழைய கப்பி," என்றார்.

"மாற்றிவிடுங்கள்," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஏட்டில் குனிந்தார்.

மறுநாள் மாற்றினார்கள். பங்காக்காரரை நீக்கும் உத்தரவை எழுத எங்கள் அதிகாரி என்னைத்தான் கூப்பிட்டார். நல்ல இங்கிலீஷ் எனக்கு வரும் என்பதில் அவருக்கு நம்பிக்கை. 'உடலில் எழும் இயல்புக்கு மாறான ஓசையால் அலுவலக அமைதிக்கு இடையூறு' என்ற பொருளில் ஒரு வாக்கியம் அமைத்தேன். சும்மா அமைக்கவில்லை, இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். படித்துவிட்டு, "பொருத்தமான சொற்கள்," என்றார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஆம், குளிர்ந்தது. அந்த அதிகாரியின்மேல் எனக்குள்ள கோபம் பெரிது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் வருகிற கோபத்துக்கு முன் அது ஒன்றுமில்லை.

படித்துக் காட்டும் வேலையும் எனக்கே வந்தது. தாழ்வாரத்தில் நின்று தமிழில் சொன்னேன். பங்காக்காரர் கயிற்றை விடாமல் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நான் சத்தம் போட்டேன்னா எழுதியிருக்காக? பதினோரு வருசத்துல இங்கன நான் வாயத் தொறந்ததில்லையேய்யா."

 உத்தரவை மடித்துக் கையில் கொடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாக்குக் கட்டுக்குள் செருகிக்கொண்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கூடத்தில் நான் மட்டும். வாசலில் வந்து நின்றார். "ஐயா, ஒருவாட்டி உள்ள வந்து பாத்துக்கிரட்டுமா?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. வரச் சொன்னேன். உள்ளே வந்து பங்காவுக்கு நேர் கீழே நின்றார். அண்ணாந்து பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை, சடசடவென்று சொடுக்கியது. இடது கையால் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசா?" என்றார். சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணை ஓட்டினார். "ஆடயில எப்படிங்கய்யா இருக்கும்? காத்து நல்லா வருமா?"

"வரும்," என்றேன்.

 பங்கா அசையாமல் தொங்கியது. யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், "வாரேங்கய்யா," என்று சொல்லி வெளியே போனார். அவரும் மனைவியும் மயிலாடும்பாறைக்கே திரும்பிப் போனதாகவும், அங்கே ஆடு மேய்ப்பதாகவும், வலது கை தோளுக்குமேல் எழும்புவதில்லை என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்த்ததில்லை.

இப்போது என் வீட்டில் மின்விசிறி இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் சுற்றுகிறது, யாரும் இழுக்க வேண்டாம். வயதாகிவிட்டதால் கழுத்தும் தோள்பட்டையும் அசைத்த இடமெல்லாம் சொடுக்குகின்றன. மருத்துவர் அக்கறையோடு விசாரிக்கிறார். மகள் எண்ணெய் காய்ச்சுகிறாள். ஓய்வெடுக்கச் சொல்லாதவர்கள் வீட்டில் யாருமில்லை. இத்தனை பேர் என் எலும்புச் சத்தத்துக்குக் காது கொடுப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் மூளுகிறது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மகளிடம் எரிந்துவிழுகிறேன்.

அந்த மதியம் கயிறு சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்துக்கு எட்டு அடி தூரம். போய் உட்கார்ந்து பத்து இழுப்பு இழுத்திருந்தால், பதினோரு வருடம் இழுத்த காற்று அவர் முகத்தில் ஒரு நிமிடம் பட்டிருக்கும். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. அப்போதே தோன்றியது. யாராவது பார்த்துவிட்டால் என்ற நினைப்பும் கூடவே வந்தது, உட்கார்ந்தே இருந்தேன். என் கழுத்து அப்போது நன்றாகத்தான் இருந்தது.