குலசாமிக்கு இரண்டாவது டேக்

குலசாமியையே "இன்னொருக்க" என்று கேட்ட முட்டாள் எங்கள் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றில் மூன்று வருடம் படம் பார்த்து, அலசி, எழுதலாம். இன்னொன்றில் கேமராவைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒன்றை உறுதிசெய்யாவிட்டால் இரண்டுமே போய்விடும். பல் தேய்க்கும்போது நான் விமர்சகன். தட்டில் சட்னி விழுவதற்குள் இயக்குநர். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுவரை நடந்துபோய், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பி வந்தேன். தறிச் சத்தத்துக்கு மேல் அப்பா கத்தினார்: "எதையாச்சும் படி! ஒண்ணச் சொல்லித் தொலை!"

அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்பு. பூக்கட்டிப் பாத்துருவோம்."

தண்ணிக்குப் போர் போடவும் பெண் எடுக்கவும் எங்கள் பக்கத்தில் இதுதான் வழி. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் படத்தைப் படிப்பது, சிவப்பு வந்தால் எடுப்பது என்று வேண்டிக்கொண்டோம்.

பரளச்சிப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் எங்கள் அம்மன் கோயில். கை சும்மா இருக்குமா? செல்போனில் எடுக்க ஆரம்பித்தேன். அம்மா பொட்டலத்தை எடுக்கும்போது பூசாரியின் முதுகு மறைத்துவிட்டது. பிரித்தால் வெள்ளை.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா, இன்னொருக்க எடும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் பூசாரி பழக்கதோஷத்தில் மறுபடி கட்டிக் குலுக்கிப் போட்டுவிட்டார். அம்மாவும் எடுத்துவிட்டாள். சிவப்பு.

மூன்றாவது தடவைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் பூசாரி விபூதித் தட்டைத் தூக்கிவிட்டார். "தம்பி, ஆத்தா என்ன நடிக்கவா வந்துருக்கா? கெளம்புங்க."

திரும்பும் பஸ்ஸில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். முதலாவதில் முழுக்க முதுகு. இரண்டாவதில் அம்மாவின் விரல் பொட்டலத்தைத் தொடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"ஏம்மா, இதுல எதக் கணக்கா வச்சுக்கிறது?"

அம்மா ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"இன்னொருக்கன்னு சொன்னான்ல, அவனக் கேளு."