அத்தாச்சி யாருக்காகவும் காத்திருக்கவில்லை

உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று யாராவது கேட்டால் என் தாய்மாமன், "ஆளுகளைப் பாக்குறதுதான்" என்பார். கேட்பவர்கள் ரசித்துச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் புது மாப்பிள்ளை ஒருவரிடம் அவர் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். பாயசத்தில் ஏதோ குறை என்று பரிமாறியவர் பயந்துபோனார்.

மாமா எட்டு வருடம் துபாயில் இருந்தவர். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. காசு செலவழிக்க மனம் வராத நம் ஊர் ஆட்களெல்லாம் பூங்காவில் போய் உட்கார்ந்துகொண்டு, இவன் எந்த நாடு, என்ன வேலை, யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறான் என்று போகிற வருகிறவர்களைப் பற்றி ஊகித்துச் சொல்வார்களாம். அங்கே அது யாரையும் ஒன்றும் செய்யாது. தப்பாகச் சொன்னாலும் அந்த ஆள் தன்பாட்டுக்குப் போய்விடுவான். விசா முடிந்து கந்தர்வக்கோட்டைக்குத் திரும்பியபோது, சென்ட் பாட்டிலோடும் கம்பளியோடும் மாமா இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்து இறக்கினார். இங்கே போகிற வருகிற ஒவ்வொருவரும் யாருக்கோ உறவு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த விசா வரும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். பொம்பளப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்காரவைக்கிறாயே என்று அம்மா சத்தம் போட்டால், "சின்னப்புள்ளதானேக்கா" என்பார். டீக்கடைக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் எனக்கு ஒரு பப்ஸ், அவருக்கு ஒரு டீ. பிறகு விளையாட்டு தொடங்கும்.

நான் சீக்கிரமே தேறிவிட்டேன். ஒருநாள் பை நிறைய முருங்கைக்காயோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, இவர் அம்மா வீட்டிலிருந்து திரும்பிப் போகிறார் என்றேன். எப்படி என்று கேட்டார் மாமா. "கடையில வாங்குனா ஒடிச்சு உள்ள போட்டுருப்பாங்க. இது நீட்டிக்கிட்டு இருக்கு. மரத்துலேர்ந்து பறிச்சு அவுங்க அம்மா சொருகிவிட்டுருக்காங்க" என்றேன். மாமா டீ டம்ளரை வைத்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்றைக்கு இரண்டாவது பப்ஸும் கிடைத்தது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று இது: "யாருக்காச்சும் காத்துக்கிட்டு இருக்கவுங்க ஒரே பக்கந்தான் பாப்பாங்க, பாப்பா. இல்லாட்டி செல்லைப் பாப்பாங்க. சும்மா ஒக்காந்திருக்கவுங்கதான் நாலு பக்கமும் பாப்பாங்க."

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். அவர் வீட்டுக்காரர் இறந்துவிட்டதால் அந்த வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் அப்பாதான் முடிவு செய்வார். அத்தைக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் அத்தை மகளை அத்தாச்சி என்று கூப்பிடுவோம். அத்தாச்சி தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவள்தான். பரீட்சை முடிந்ததும் வேலைக்குப் போகப்போவதாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஊருக்குப் போக மினி பஸ் தயாராக நிற்கும். அதில் ஏறமாட்டாள். அடுத்தது வர அரை மணி நேரம் ஆகும். அதுவரை பழக்கடை ஓரமாக உட்கார்ந்து, ஒரு பொட்டலம் வறுகடலையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருப்பாள். என்னைப் பார்த்தால் கையசைப்பாள். மாமாவைப் பார்த்தால் மரியாதைக்கு எழுந்து நிற்பாள்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், ஒங்க அக்கா மக தெனமும் மொத வண்டிய விட்டுட்டு ரெண்டாவது வண்டியிலதான் போகுது. யாருக்கோ காத்துக்கிட்டு இருக்குற மாதிரி தெரியுதுங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அம்மா இன்றைக்கும் தம்பிக்காகப் பரிந்து பேசுவாள். உண்மையாகவே இருக்கட்டும். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஒரு சபை கிடைத்தது, காட்டிவிட்டார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட என்றோ மன்னித்துத் தொலைத்திருப்பேன்.

மறுநாள் வீட்டு ஆண்கள் எல்லோரும் துப்பறியக் கிளம்பினார்கள். அப்பா பழக்கடையில் தொங்கிய வாழைத்தார்களுக்குப் பின்னால் நின்றார். பெரியப்பா டீக்கடையில் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது, கண்ணாடியோ வீட்டில் இருந்தது. மாமா ஒன்றும் நடக்காதது போல என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அத்தாச்சி வந்தாள். கடலை வாங்கினாள். இரண்டு கண்டக்டர்கள் எந்த வண்டியை முதலில் எடுப்பது என்று சண்டை போட்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தூங்கி விழுந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் தலை பக்கத்தில் இருந்தவர் தோளில் எப்போது சாயும் என்று ஆவலாகப் பார்த்தாள். இரண்டாவது மினி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். யாரும் வரவில்லை.

"நம்மளைப் பாத்துட்டான்யா. அதான் வரல" என்றார் பெரியப்பா. அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். எவனாவது வந்திருந்தால் குற்றம். வராததால் அதைவிடப் பெரிய குற்றம். பிறக்கவே பிறக்காத அந்த ஒருவன் எந்த ஊர், என்ன சாதி என்பது வரைக்கும் அந்த டீக்கடையிலேயே ஆராய்ந்துவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தாச்சி வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தது. என் அப்பா அவளுக்குத் தாய்மாமன். போனதும் நேராகக் கேட்டுவிட்டார்.

"யாருக்காக அங்கிட்டு ஒக்காந்திருக்க?"

"யாருக்காகவும் இல்ல மாமா. சும்மா பாத்துக்கிட்டு இருப்பேன்."

"யாரை?"

"எல்லாரையுந்தான். போறவுங்க வாரவுங்க எல்லாரையும். வீட்டுக்கு வந்தா கொட்டை ஒடைக்கணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அந்த அரை மணி நேரந்தான் மாமா என்னைய யாரும் ஒரு வேலையும் ஏவ மாட்டாங்க."

அந்த 'எல்லாரையும்' அவளைக் கவிழ்த்துவிட்டது. ஒருவனைப் பார்த்தேன் என்றால் அவனைத் தேடிப் போய் உதைத்திருப்பார்கள். எல்லோரையும் பார்க்கிற பெண்ணை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தை எழுந்து வந்து மகளை ஓங்கி அறைந்தார்.

நான் அழுதுகொண்டே குறுக்கே போய் நின்றேன். "அத்தாச்சி காத்துக்கிட்டு இல்லப்பா. நாலு பக்கமும் பாத்துச்சு. காத்துக்கிட்டு இருந்தா ஒரே பக்கந்தான் பாக்கும். மாமாதான் சொல்லிக்குடுத்தாரு. அவரையே கேளுங்க."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாமா கைக்கடிகாரத்தின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தபடி, "சின்னப்புள்ளைக்கு என்னங்க தெரியும்" என்றார்.

அப்பா அத்தையிடம் திரும்பி, "படிச்சது போதும்க்கா" என்றார். அவ்வளவுதான். அத்தாச்சி பரீட்சை எழுதவில்லை. மாமா மட்டும் மறுநாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், அதற்கு மறுநாளும் போனார். விசா வரும்வரை மாதக் கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நீ யாருக்குக் காத்திருக்கிறாய் என்று ஒரு நாதியும் அவரைக் கேட்கவில்லை. அவர் பார்த்தால் பொழுதுபோக்கு, அவள் பார்த்தால் நடத்தை. இந்த நியாயத்தை எழுதி வைத்தவன் எவனோ, அவன் என் கையில் கிடைக்காதவரை அவனுக்கு நல்ல காலம்.

ஆவுடையார்கோவில் பக்கம் மாப்பிள்ளை பார்த்து வேகவேகமாகக் கல்யாணத்தை வைத்தார்கள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. தவில்காரர் வாசித்துக்கொண்டே கொட்டாவி விட்டார். பந்தியில் இடம் பிடிக்க ஒருவர் துண்டை வீச, அது இன்னொருவர் சாம்பாரில் விழுந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு இருந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த அத்தாச்சி எதையும் பார்க்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று முன்வரிசைப் பெண்கள் அத்தையிடம் பாராட்டினார்கள். நான் மேடைக்குக் கீழே போய் நின்று கையசைத்தேன். அவள் நிமிரவில்லை.

மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார். "எங்க, அத்தாச்சியப் பாத்துச் சொல்லு பாப்பா. என்ன தோணுது?"

நான் அவளை உச்சி முதல் கால்வரை கவனமாகப் பார்த்தேன். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. இமைகள் தாழ்ந்திருந்தன. விடியற்காலையிலேயே எழுப்பி அலங்காரம் செய்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

"தூக்கம் வருது மாமா" என்றேன்.

"கரெக்டா சொல்லிப்புட்ட" என்று அவர் என் கன்னத்தைத் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.