தடைக்காலத்து வாசகங்கள்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பாத்திரம் பறக்காது, வேதாகமம் திறக்கும். அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசாமலிருந்த அந்தத் தடைக்காலம் முழுக்க, இருவருக்கும் நடுவே உட்கார்ந்து அவரவர் கேட்டதை வாசித்தவள் நான்தான். அப்போது நாலாம் வகுப்பு. ஒரு ஞாயிறு பூசையில் என் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பங்குச் சாமியார், பிள்ளை கணீரென்று வாசிக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து சாயங்காலச் செபத்தில் வாசகம் என் பொறுப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாம்பனை அடுத்த கடற்கரை ஊர் எங்களுடையது. சித்திரை பிறந்ததிலிருந்து வைகாசி முடியும்வரை மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஆம்பளைகள் எல்லாரும் கரையில் கிடப்பார்கள். படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள், மிச்ச நேரத்தில் வீட்டில் சண்டை போடுவார்கள். மற்ற வீடுகளில் குழம்பில் உப்பில்லை, பையன் படிக்கவில்லை என்கிற மாதிரி சில்லறைச் சண்டை. எங்கள் வீட்டுச் சண்டைதான் பெரிசு.

முந்தின வருஷம் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அப்பா இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்திருந்தார். படகு திரும்பவில்லை, ஆள் மட்டும் வந்தார். தடை முடிந்ததும் வேறொருவர் படகில் கூலிக்காவது ஏறிவிட வேண்டும் என்பது அப்பாவின் துடிப்பு. அம்மா கடல் பக்கத்தவர் அல்ல. கடலாடிப் பக்கம் விவசாயக் குடும்பம். ராமநாதபுரத்தில் மாமாவுக்குச் சிமெண்டுக் கடை இருந்தது, அதில் அப்பாவுக்கு ஒரு வேலையும் காத்திருந்தது. "படகுல கால வச்சீகன்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் எங்க ஊருக்குப் போயிருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அம்மா வெறும் வாய்ப்பேச்சுப் பேசுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் துணிகள் தனியாக ஒரு பையில் மடித்து வைக்கப்பட்டிருந்ததையும் பார்த்தேன்.

பேச்சுதான் நின்றதே தவிர, சண்டை நிற்கவில்லை. முதல் நாள் அப்பா, பவுல் எபேசியருக்கு எழுதியதை எடுக்கச் சொன்னார். மனைவிகள் கணவர்களுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்கிற இடம். நான் வாசித்தேன். அடுத்த வரிக்கு மூச்செடுக்கும்போதே, "போதும் தாயி" என்று கையைக் காட்டிவிட்டார். மறுநாள் அம்மாவின் முறை. அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அப்பா நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கச் சொன்னார். கணவர்கள் மனைவியரைத் தம் சொந்த உடம்பைப் போல நேசிக்க வேண்டும் என்று அங்கே இருந்தது. அப்பா சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டுக்கும் மேலே, ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் இருவருமே கேட்கவில்லை.

பிறகு அப்பா கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டார். ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் வலையைப் போடு என்று ஆண்டவர் பேதுருவிடம் சொன்னாரே, அந்தப் பகுதி. வலை கிழிகிற அளவுக்கு மீன் பட்டது என்கிற இடம் வந்ததும் அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்து நிறுத்தினார். ஆண்டவரே கடலுக்குப் போகச் சொல்லியாயிற்று, இனி யார் என்ன சொல்வது என்பது போல அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். மறுநாள் அம்மா அசராமல் அதே பகுதியின் மிச்சத்தைக் கேட்டார். கரைக்கு வந்ததும் படகையும் வலையையும் அப்படியே போட்டுவிட்டு ஆண்டவர் பின்னால் போனார்கள் என்று அது முடிகிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சிரிக்காததால் முழுங்கிக்கொண்டேன்.

இப்படியே வைகாசியும் நடுவுக்கு வந்துவிட்டது. அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் கூடுகிற முறை வந்தது. தெருவில் உள்ள குடும்பங்கள் வாரம் ஒரு வீடாகக் கூடிச் செபிப்பதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் தெருவுக்குப் பக்கத்து வீட்டு அத்தைதான் பொறுப்பாளர். பாய் விரித்தோம். அம்மா டீயும் முறுக்கும் எடுத்து வைத்தார். வந்தவர்களிடம் அப்பா சிறைக் கதைகளை எடுத்துவிட்டார். அங்கே சோற்றோடு தரும் தேங்காய்ச் சம்பல் காரம் எப்படி, காவலாளியிடம் சிங்களத்தில் பீடி கேட்பது எப்படி என்று நடித்தே காட்டுவார். அதைக் கேட்டு ஊரே சிரிக்கும். அம்மா மட்டும் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

வீட்டுக்காரர்களே வாசகத்தைச் சொல்லட்டும் என்றார் அத்தை. அப்பா ஒன்றைச் சொல்ல, அதே நொடியில் அம்மா வேறொன்றைச் சொன்னார். எல்லார் கண்ணும் முறுக்குத் தட்டுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சங்கதி தெரியாதவர்கள் அந்தத் தெருவில் யார் இருந்தார்கள்?

"சரி விடுங்க, பிள்ளை எடுக்கட்டும்" என்றார் அத்தை.

நான் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பகுதி ஒன்று இருந்தது. சின்னது, படமும் உண்டு. புயலில் படகு தத்தளிக்கிறது. ஆண்டவர் பின்பக்கம் தலையணையில் தலைவைத்துத் தூங்குகிறார். சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் எழுப்புகிறார்கள். அவர் எழுந்து காற்றை அதட்டுகிறார். குரலை ஏற்றி இறக்கி, அலையெல்லாம் வருகிற மாதிரி வாசித்தேன். முடித்துவிட்டு எல்லார் முகத்தையும் பார்த்தேன், யாராவது பாராட்டுவார்கள் என்று.

வாசகத்துக்குப் பிறகு ஆளுக்கொரு கருத்துச் சொல்வது வழக்கம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டவர் கூட இருக்கையில் பயப்படத் தேவையில்லை என்று தொடங்கினார்.

"அந்தப் படகுல அவரு இருந்தாரு" என்றார் அம்மா. தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "அவுகளுக்கு எழுப்புறதுக்காச்சும் ஒரு ஆளு இருந்துச்சு. இவுக பிடிபட்ட அன்னைக்கு நான் யாரப் போயி எழுப்ப? கோயிலுக்கும் வீட்டுக்குமா நடந்து நடந்து என் காலு தேஞ்சுபோச்சு. இவுக திரும்பி வந்து சம்பல் கத சொல்றாக."

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. கோபத்தில் எழுந்து போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அவர் போகவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"கையில விலங்கு மாட்டுனப்ப கைலியிலேயே மூத்திரம் போயிட்டேன்" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால். "உள்ள போயும் அழுகைதான். உன்னையும் பிள்ளையையும் இனிப் பாக்கவே மாட்டேன்னு நெனச்சேன். உங்கிட்டச் சொன்னா நீ இன்னும் பயந்துருவன்னுதான் சிரிச்சுக்கிட்டுத் திரியிறேன்."

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கேட்டார் அம்மா. அப்படிக் கேட்டதோடு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அப்பாவும் அழுதார். அத்தை சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கோ அவமானம் பிடுங்கித் தின்றது. அப்பா மூத்திரம் போன கதை நாளைக்குப் பள்ளிக்கூடம் வரை போகுமே என்று ஒரு கவலை. இத்தனை அழகாக வாசித்தும் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இன்னொரு கவலை.

மறுநாளே அப்பா ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார். அம்மா கேட்கவில்லை, அவராகவேதான் போனார். சிமெண்டுத் தூசியோடு சாயங்காலம் திரும்புவார். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பார். என் துணிகள் பையிலிருந்து மறுபடி அலமாரிக்கு ஏறின. எனக்கு உயிர் வந்தது.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. அன்றைக்கு அப்பா கடைக்கும் போகவில்லை, கடல் பக்கமும் போகவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொண்டார். அடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். அம்மா தட்டை எடுக்கும்போதெல்லாம் அதில் மிச்சமிருந்த சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு காலையில் நான் எழுந்தபோது அம்மா தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டிருந்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீ வேணாம்னா நான் போகல புள்ள. மனசாரத்தான் சொல்றேன்."

"தெரியும். போயிட்டு வாங்க" என்றார் அம்மா. அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டார். அப்பாவும் அம்மாவின் நெற்றியில் போட்டார். போனால் மறுநாள் காலையில்தான் படகு திரும்பும்.

அப்பா தெரு திரும்பியதும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நீதானம்மா போகக்கூடாதுன்னு அந்தச் சண்டை போட்ட?"

"ஆமா, போட்டேன்" என்றார். செபமாலையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டார்.

இதைவிடச் சந்தோஷமான சேதி எனக்கு அந்த வருஷத்தில் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அத்தை அடுப்படியில் நின்றார். அவர் வீட்டுக்காரரும் அதே படகில்தான் போயிருந்தார்.

"அத்தே, எங்கம்மாவுக்குப் பயம் விட்டுப்போச்சு! அவுகளே அப்பாவ அனுப்பி வச்சுட்டாக!" என்று கத்தினேன்.

அத்தை கொதித்துக்கொண்டிருந்த உலையை அப்படியே நிறுத்திவிட்டு, ஈரக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நல்ல சேதி சொன்ன வீட்டுக்கு இப்படி முகத்தை வைத்துக்கொண்டா வருவார்கள் என்று எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.