இது யார் வீட்டுச் சாவு?

என் வீட்டுக்காரர் அஜெனிம் இணையப் பக்கம் வடிவமைப்பவர். கூமாசி நகரத்தில் பான்டமா சாலையோரம் எங்களுக்கு ஓர் இரும்புப் பெட்டிக் கடை. ஒரு பாதியில் என் தையல் எந்திரம், மறுபாதியில் அவருடைய கம்ப்யூட்டர். பல வருடமாகத் திரையைப் பார்த்துப் பார்த்து அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி ஆகிவிட்டன. நானும் அளந்துதான் வெட்டுகிறேன், அளந்துதான் தைக்கிறேன். மூன்றாவதாக ஒரு கை வைத்துக் கொடு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவரிடம் கேட்பார்கள்.

"ஒரு பக்கத்துல ஒருத்தர்தான் சத்தமா பேசணும், செர்வா. மத்தவங்க மெதுவாத்தான் பேசணும். எல்லாரும் கத்தினா அது பக்கமா? கெஜெட்டியா சந்தை" என்பார். எழுத்துக்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்பார். ஓட்டல்காரர் ஒருவர் அந்த மூச்சு விடும் இடத்தை விரலால் தட்டி, "இது என்னப்பா, காலி மனை மாதிரி கிடக்கு? முழுசுக்கும்தானே காசு குடுத்தேன்?" என்று கேட்டார். அந்தக் காலத்து அஜெனிம் என்றால் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். இப்போது "சரிங்க" என்று சொல்லிக் காலி மனையில் பொரித்த மீன் படத்தைப் போட்டுவிட்டார். அந்தச் "சரிங்க"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் என் மாமனார் போய்ச் சேர்ந்தார்.

ட்ரோட்ரோ என்று நாங்கள் சொல்லும் பயணி வேன் ஓட்டியவர். மற்ற ஓட்டுநர்கள் வண்டியின் நெற்றியில் வேத வசனமோ வம்பு வசனமோ எழுதிக்கொள்வார்கள். இவர் தன் பெயரையே பெரிதாக எழுதிவைத்தார்: அடூசை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் எவ்வளவு தூரத்திலும் படித்துவிடுவார். வண்டி முனையில் திரும்பும்போதே பெயரைப் பார்த்துவிட்டு அவர் சாப்பாட்டுக்கு ஃபுஃபு இடிக்க உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் வழக்கத்தில் குடும்பம் என்றால் தாய்வழிதான். அதனால் மாமனாரின் சாவு அத்தைக்கும் சொந்தமில்லை, பிள்ளைகளுக்கும் சொந்தமில்லை. அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் தலைவர் ஓபானின் அம்போஃபோ கையெழுத்துப் போட்டால்தான் பிணவறையிலிருந்து உடலே வெளியே வரும். அந்தப் பெரியவர் கடைக்கு வந்து, நான் கொடுத்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கரைல இருக்கிறவன் எல்லாம் போன்லதான் பார்ப்பான். நல்லா ஒரு சாவு அறிவிப்புப் பக்கம் பண்ணிடு. எல்லார் பேரும் வரணும். என் பேரு மேலே, கொஞ்சம் பெருசா."

"சரிங்க, ஓபானின்" என்று பெரியவருக்குரிய மரியாதையோடு சொன்னார் இவர்.

அன்று சாயங்காலம் அத்தையும் வந்தார். விதவைக்குரிய கறுப்புத் துணி, கண்ணில் புரை. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா. உங்கப்பா பேரு என் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார். இவர் முதலில் செய்த பக்கத்தை நான் பார்த்தேன். மாமனார் வண்டிக் கதவில் சாய்ந்து நிற்கும் படம், கீழே அடூசை என்று அந்த வண்டி நெற்றி எழுத்தையே போலப் பெரிய எழுத்து, சுற்றிலும் நிறைய வெள்ளை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. லண்டனிலிருந்து மாமனாரின் சகோதரி மகன் குசி குரல் பதிவு அனுப்பினார்: "பந்தல் முழுக்க என் செலவு. அம்போஃபோவுக்கு மட்டும் என்ன அவ்வளவு பெரிய எழுத்து? எனக்கும் அதே அளவு வேணும், ஆமா." குசிக்குப் பெரிதாக்கியதும் அம்போஃபோவுக்கு அதைவிடப் பெரிதாக வேண்டியிருந்தது. போதகர் தன் பட்டங்கள் எல்லாம் ஒரே வரியில் வர வேண்டும் என்றார். மாமனாரின் அக்கா, பேர் வருவதென்றால் முகமும் வரணும் என்று படம் அனுப்பினார். திரை வளருமா என்ன? ஒருவர் வளர இன்னொருவர் குறையத்தான் வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் யாரும் குறைய ஒப்பவில்லை. செத்தவர்தான் வாய் திறக்காமல் குறைந்துகொண்டே வந்தார்.

அத்தை போனை முகத்தோடு முகமாக ஒட்டிவைத்துப் பார்த்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"இது யாரு வீட்டுச் சாவு?" என்று கேட்டார்.

அஜெனிம் போனை வாங்கிக் கீழே வைத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்கப்பா பேரைப் பெருசாக்கிடு. அந்தக் கிழவன் என்ன பண்ணிடுவான், பார்த்துடலாம்!" என்று கத்தினேன்.

"கையெழுத்துப் போட மாட்டான். அப்பா அந்தப் பெட்டிக்குள்ளேயே குளிர்ல கிடப்பாரு" என்றார். "களைச்சுப் போச்சு, செர்வா. சண்டை போடவும் தெம்பு இல்ல, சும்மா இருக்கவும் முடியல."

அதன் பிறகு அவர் சாப்பாட்டையும் மறந்து எதையோ மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். கரண்ட் போனால் கண்ணை மூடிக்கொள்வார், வந்தால் திறப்பார். என்ன செய்கிறார் என்று இறப்புச் சடங்குக்கு முந்தைய நாள்தான் சொன்னார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இணைய முகவரி அனுப்பியிருக்கிறாராம். அம்போஃபோ தன் போனில் திறந்தால் அம்போஃபோ பெயர்தான் பெரிது. குசி திறந்தால் குசி. போதகர் திறந்தால் பட்டங்கள் எல்லாம் ஒரே வரியில்.

"இப்பத்தாண்டா உனக்கு வேலை வந்திருக்கு!" என்று அம்போஃபோ போன் செய்து பாராட்டினார். கையெழுத்தும் விழுந்தது.

சனிக்கிழமை பந்தல் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகக் கூட்டம். முன்வரிசையில் அம்போஃபோவும், லண்டனிலிருந்து வந்திறங்கிய குசியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இரண்டு பேர் கையிலும் போன். ஒருவர் போனை ஒருவர் பார்த்தால் தொலைந்தோம். அம்போஃபோ தன் போனைக் குசியிடம் நீட்டி, "பார்த்தியா, பக்கத்தை?" என்றார். குசியும் தன் போனை அவரிடம் நீட்டி, "அட, நீங்க இதைப் பாருங்க" என்றார். நீட்டினார்களே தவிர இரண்டு பேருமே அடுத்தவர் போனைப் பார்க்கவில்லை. தன் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதே நிமிடம் எனக்கு அழுகையும் வந்தது. இத்தனை போனில் ஒருவர்கூட, அடூசை பெயர் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை முடிந்து வெள்ளைத் துணியோடு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அஜெனிம் அத்தையின் போனைத் திறந்து கையில் கொடுத்தார். அதில் மாமனார் படமும் பெயரும் மட்டும்தான். முதலில் செய்த அதே பக்கம், எழுத்து மட்டும் இன்னும் பெரிதாக, திரையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். அத்தை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"வந்துட்டாரு" என்றார். ஃபுஃபு இடிக்கக் கிளம்பிவிடுவாரோ என்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். "மத்தவங்க பேரெல்லாம் உன் போன்ல இருக்குதாமே. அதுல என் பிள்ளை பேரு எது? தொட்டுப் பார்க்கிறேன், காட்டு."

நான் என் போனைத் திறந்து பிள்ளைகள் வரிசைக்குப் போனேன். அண்ணன் இருக்கிறார், தங்கைகள் இருக்கிறார்கள், அமெரிக்காவில் இருக்கும் தம்பி இருக்கிறான். அஜெனிம் இல்லை. திரும்ப மேலேயிருந்து பார்த்தேன். இல்லை. ஒவ்வொரு பெயராக நகர்த்தி நகர்த்தி இடம் பண்ணியதில் எங்கேயோ தன் பெயரைத் தவறவிட்டிருக்கிறார். அம்போஃபோ கவனிக்கவில்லை, கூடப் பிறந்தவர்கள் கவனிக்கவில்லை. பெண்டாட்டி நான், என் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

"அஜெனிம், உன் பேரு எங்கே?" என்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

தட்டி எழுப்பக் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு" என்றார். "தூங்கட்டும். என் பிள்ளையை எனக்குத் தெரியும்."